உயிரணுவைக் காக்கும் உட்கரு ஏற்பிகள்

ஆறாம் ஆண்டு வகுப்பில் ஆண்டுதோறும் நான் செய்து காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. புண் கழுவுவதற்கென மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை, அப்பொழுது அரிந்த உருளைக்கிழங்கு வில்லை ஒன்றின்மேல் நான்கைந்து சொட்டு விடுவேன். உடனே வெண்ணுரை பொங்கி எழும். கோழி ஈரல் துண்டாக இருந்தால் நுரை இன்னும் வேகமாகப் பொங்கும். அவித்த கிழங்கின்மேல் அதே சொட்டுகளை விட்டாலோ ஒன்றும் நிகழாது. கிழங்கு நனைந்து கிடக்கும், அவ்வளவே. பச்சைக் கிழங்கில் கேட்டலேஸ் என்னும் நொதி உண்டு, அது பெராக்சைடை நீராகவும் பிராணவாயுவாகவும் பிரித்துவிடுகிறது என்று பலகையில் எழுதிப் பாடத்தை முடித்துவிடுவது என் வழக்கம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி அத்துடன் என்னை விடவில்லை. "மருந்துக் கடைப் புட்டியில் இருக்கும் பொருளை அழிக்கக் கிழங்கு எதற்கு ஐயா முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும்?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுப் பணியில் நான் எனக்கு நானே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது! அதற்கு விடை தேடப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

விடையின் முதற்பகுதி எளிது. அந்தப் பொருள் புட்டியில் மட்டும் இல்லை. மூச்சு விடும் ஒவ்வோர் உயிரணுவும் அதனைத் தன்னுள்ளேயே சிறிது சிறிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

பிராணவாயுவின் மறுமுகம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிராணவாயுவின் மறுமுகம் தெரியாததன்று. இழுப்பறையில் மறந்துபோன ரப்பர் வளையம் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப்போய், இழுத்தால் அறுந்துவிடும். நெடுநாள் திறந்து வைத்த எண்ணெயில் சிக்கு வாடை எழும். இரண்டிலும் நிகழ்வது ஒன்றே: பிராணவாயு மெல்ல மெல்லப் பொருளுடன் சேர்ந்து அதன் கட்டமைப்பைக் குலைக்கிறது. நம் உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் கொழுப்பாலானதே. அதற்கு மட்டும் சிக்கு பிடிக்காதிருக்குமா?

உயிரணுவுக்குள்ளே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள் உள்ளன. உணவிலிருந்து பிரித்த எலெக்ட்ரான்களை அவை படிப்படியாகக் கைமாற்றி, கடைசியில் பிராணவாயுவிடம் ஒப்படைத்து நீராக்குகின்றன. பால் வாளியைச் சுமந்து கொட்டகைக்கு வருபவர் எவ்வளவு கவனமாக நடந்தாலும் சில துளி சிந்துவதுபோல, இந்தக் கைமாற்றத்திலும் சில எலெக்ட்ரான்கள் வழியில் நழுவிவிடுகின்றன. நழுவிய எலெக்ட்ரானைப் பற்றிக்கொண்ட பிராணவாயு, சூப்பராக்சைடு என்னும் முரட்டுப் பொருளாகிறது. அது பெராக்சைடாக மாறும். அப்பெராக்சைடு இரும்பைச் சந்தித்தால் எதிர்ப்பட்ட எதையும் கடிக்கும் வேறொரு பொருள் பிறக்கிறது. கொழுப்பு, புரதம், மரபுச் செய்தியைத் தாங்கிய டி.என்.ஏ. ஆகிய எதுவும் அதற்குத் தப்புவதில்லை.

முதுமைக்கே இத்தகைய முரட்டுப் பொருள்கள் காரணமாயிருக்கலாம் என்று அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் 1956-இல் எழுதினார். சூப்பராக்சைடை அடக்கும் நொதி ஒன்று உயிரணுவிலேயே இருப்பதை மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969-இல் காட்டினர். முரட்டுப் பொருள்களின் வரவு, அவற்றை அடக்கும் ஆற்றலை விஞ்சும் நிலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 1985-இல் ஜெர்மானியரான ஹெல்மூட் சீஸ் அதற்குப் பெயரிட்டார். நாம் அதனைப் பிராணவாயு நெருக்கடி என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மாத்திரைப் புட்டி

இவ்விடத்தில் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்தம் தாயாருக்கு நீரிழிவு நோய் உண்டு. வீடு தேடி வந்த விற்பனையாளர் ஒருவர், "உடம்பில் ஏறும் துருவை இது துடைத்துவிடும்" என்று சொல்லி, மாதம் 200 வெள்ளிக்கு மேல் விலையுள்ள மாத்திரைப் புட்டிகளை வாங்கவைத்துவிட்டார். தாயாரோ மாத்திரைதான் இருக்கிறதே என்று மாலை நடையைக் கைவிட்டார். "இது நல்லதுதானா ஐயா?" என்று ஆசிரியை என்னிடம் கேட்டார். நான் மருத்துவனல்லன். என்றாலும் மாணவியின் கேள்வியும் ஆசிரியையின் கேள்வியும் ஒரே இடத்தில் வந்து முட்டின. துருவைத் துடைப்பது யார்? வெளியிலிருந்து வரும் மாத்திரையா, உள்ளேயிருக்கும் நொதியா?

வலிமையைப் பார்த்தால் நொதிக்கு ஈடில்லை. கேட்டலேஸின் ஒரே மூலக்கூறு, ஒரு வினாடியில் பல இலட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளைப் பிரித்துவிடும். பிரித்த பின்னும் தான் தேயாமல் அடுத்ததற்குக் காத்திருக்கும். வைட்டமின் மூலக்கூறு அப்படியன்று. ஒரு முரட்டுப் பொருளை அடக்கியதும் அதன் ஆற்றல் தீர்ந்துவிடும். வேறொன்று வந்து அதனைப் புதுப்பித்தாக வேண்டும். ஆகவே உயிரணு நம்பியிருப்பது பெரும்பாலும் தன் நொதிகளையே. அந்நொதிகளை எப்போது, எவ்வளவு ஆக்குவது என்று கட்டளையிடுவோரில் ஒரு கூட்டத்தாரே நம் தலைப்பிலுள்ள உட்கரு ஏற்பிகள்.

பெயர் பற்றி ஒரு சொல்

'நியூக்ளியர்' என்ற சொல்லைக் கேட்டதும் குண்டும் கதிர்வீச்சும் நினைவுக்கு வருவது இயல்பே. அணுக்கரு ஏற்பி என்று நான் முதலில் மொழிபெயர்த்தபோது நண்பர் ஒருவர் ஹிரோஷிமாவைப் பற்றியா எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டார்! பொருளின் அணுவுக்கு ஒரு கரு இருப்பதுபோல உயிரணுவுக்கும் ஒரு கரு உண்டு. மரபணுக்கள் அடங்கிய அந்த அறையை உட்கரு என்று வழங்கினால் குழப்பம் தீரும்.

பொதுவாக உயிரணுவுக்கு வரும் செய்தியை அதன் வெளிச்சுவரிலுள்ள ஏற்பிகள் வாங்கி, கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அனுப்பும். உட்கரு ஏற்பிகளோ செய்தியையும் தாமே வாங்கி, மரபணுவின்மேல் தாமே அமர்ந்து, ஆணையையும் தாமே இடும். தபால்காரரும் மேலாளரும் ஒருவரேயான அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள்.

இவற்றைக் கண்டறிந்த வரலாறு நெடியது. 1950-களின் பிற்பகுதியில் சிக்காகோவில் எல்வுட் ஜென்சன் என்பார், பெண்மைச் சுரப்பு நீருக்குக் கதிரியக்க அடையாளமிட்டு எலிகளுக்குச் செலுத்தினார். கருப்பை அதனைப் பற்றி நிறுத்திக்கொண்டது. மற்ற உறுப்புகள் விட்டுவிட்டன. பற்றிக்கொள்ள அங்கே ஏதோ ஒரு புரதம் இருந்தாக வேண்டும் என்பது புலனாயிற்று. 1985-இல் கலிபோர்னியாவில் ரொனால்டு எவான்ஸ் குழுவினர் வேறொரு சுரப்பு நீரின் ஏற்பிக்குரிய மரபுச் செய்தியைப் பிரித்தெடுத்தனர். பிரான்சில் பியேர் ஷாம்போன் குழுவினரும் பெண்மைச் சுரப்பு நீரின் ஏற்பியை அவ்வாறே ஆராய்ந்தனர். இம்மூவருக்கும் 2004-இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. ஏற்பிகளை அருகருகே வைத்துப் பார்த்தபோது அவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது விளங்கிற்று. மனித உடலில் இக்குடும்பத்தினர் 48 பேர் உளர்.

அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஒரு புறம், செய்திப்பொருள் பொருந்தியமரும் குழிவு. மற்றொரு புறம், துத்தநாக அணுவை நடுவில் வைத்து மடிந்த இரண்டு 'விரல்கள்', இவை டி.என்.ஏ. இழையைப் பற்றும். குழிவில் செய்திப்பொருள் அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் சிறிது மாறும். அம்மாற்றத்தால், அதுவரை மரபணுவை அடக்கி வைத்திருந்த துணைப் புரதங்கள் விலகிப்போக, எழுப்பும் துணைவர்கள் வந்து சேர்வர். மரபணு விழித்துக்கொள்ளும், அதற்குரிய நொதி ஆக்கப்படும்.

பெயரே ஒரு வரலாறு

இக்குடும்பத்தில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் பி.பி.ஏ.ஆர். என்று சுருக்குவர். விரித்தால், பெராக்சிசோம் பெருக்கியால் தூண்டப்படும் ஏற்பி. வாயில் நுழையாத பெயர்தான். ஆயினும் அதில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

உயிரணுவுக்குள் பெராக்சைடை ஆக்கவும் அழிக்கவும் தனியே ஒதுக்கிய சிறு பைகள் உண்டு. பெல்ஜிய நாட்டவரான கிறிஸ்தியன் தெ துவே 1960-களில் அவற்றின் தொழிலை ஆராய்ந்து பெராக்சிசோம் என்று பெயர் சூட்டினார். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபைப்ரேட் என்ற மருந்தைத் தின்ற எலிகளின் ஈரலில் இப்பைகள் பெருகிப்போயிருப்பதை 1965-இல் கண்டனர். ஏன் பெருகின என்பது கால் நூற்றாண்டு வரை விளங்கவில்லை. 1990-இல் இங்கிலாந்தில் இஸ்ஸமனும் கிரீனும், அம்மருந்து சென்று அமரும் உட்கரு ஏற்பியைக் கண்டுபிடித்தனர். அந்த ஏற்பி இல்லாதவாறு வளர்க்கப்பட்ட எலிகளுக்கு மருந்தைக் கொடுத்தபோது பைகள் பெருகவில்லை என்பது 1995-இல் உறுதியாயிற்று.

ஆனால் இயற்கை, மருந்துக் கம்பெனியை எதிர்பார்த்து ஏற்பியைப் படைத்திராதன்றோ? இந்த ஏற்பிக்கு இயல்பாக வரும் செய்தி எது? கொழுப்பு அமிலங்களே! இக்கண்டுபிடிப்புத்தான் என்னைப் பெரிதும் வியப்பில் ஆழ்த்தியது. 1998-இல் எவான்ஸ் ஆய்வுக்கூடத்தினர், ஆல்பா, டெல்ட்டா, காமா என மூவகைப்பட்ட இவ்வேற்பியில் காமா வகையை எழுப்புவது எது என்று ஆராய்ந்தனர். பிராணவாயு ஏறிக் கெட்டுப்போன இரத்தக் கொழுப்பில் உள்ள சில அமிலங்களே அதன் குழிவில் சென்று அமர்கின்றன என்று கண்டனர். அதாவது, சிக்கு பிடித்த கொழுப்பே தனக்குச் சிக்கு பிடித்த செய்தியை உட்கருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது! நெருக்கடியில் பிறந்த பொருளே நெருக்கடிக்கு மணியடிக்கிறது.

செய்தி கிடைத்த ஏற்பி தனியே சென்று அமர்வதில்லை. ஆர்.எக்ஸ்.ஆர். என்னும் மற்றோர் ஏற்பியுடன் இணைந்தே டி.என்.ஏ.யைப் பற்றும். வைட்டமின் ஏ-யின் வழிவந்த ஒரு பொருள் அந்த இணையின் குழிவில் அமரக்கூடியது. இருவரும் தேடும் முகவரி, ஆறெழுத்துச் சொல் ஒன்று ஓரெழுத்து இடைவெளி விட்டு இருமுறை வருவதாகும். இலக்கணம் படிப்பிக்கும் நமக்கு அடுக்குத்தொடர் நினைவுக்கு வரலாம். எலியின் கேட்டலேஸ் மரபணுவுக்கு முன்னே இத்தகைய முகவரி பொறிக்கப்பட்டிருப்பதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. நம் வகுப்பறையில் ஈரல் துண்டு நுரைத்ததே, அந்நொதிக்கு ஆணை செல்லும் வழிகளில் ஒன்று இதுவே.

கிழங்குக்கு இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உட்கரு ஏற்பிக் குடும்பம் விலங்குகளுக்கே உரியது. செடிகொடிகள் தம் கேட்டலேஸை வேறு முறையால் ஆள்கின்றன. விலங்குகளிலும் இவ்வேற்பிகள் மட்டுமே காவலர் அல்லர். என்.ஆர்.எஃப்.2 என்னும் புரதம் இன்னும் பெரிய காவலர் எனலாம். பெயரில் உட்கரு என்ற சொல் இருந்தபோதிலும் அது இந்த 48 பேரில் ஒருவர் அன்று. கீப்1 என்ற புரதம் அதனைப் பிடித்து வைத்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நெருக்கடி வரும்போது கீப்1-இன் கந்தகப் பகுதிகள் மாறுவதால் பிடி தளர்ந்து, என்.ஆர்.எஃப்.2 உட்கருவுக்குள் குவிந்து நொதிகளை எழுப்பும். அதனைத் தனிக் கட்டுரையாகவே எழுதலாம்.

இரட்டை வேடம்

ஏற்பிகளை நல்லவர் என்று மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. பி.பி.ஏ.ஆர். ஆல்பா எழும்போது கொழுப்பை எரிக்கும் நொதிகளையும் சேர்த்தே எழுப்புகிறது. அவற்றுள் ஒன்று, எரிக்கும்போதே பெராக்சைடை ஆக்குவது. எலியின் ஈரலில் அந்நொதி பத்து மடங்குக்கு மேல் பெருக, கேட்டலேஸோ இரு மடங்கு அளவே கூடுகிறது. தீ மூட்டுபவர் பலர், தண்ணீர் ஊற்றுபவர் சிலர்! இத்தகைய மருந்துகளை நெடுநாள் உண்ட எலிகளுக்கு ஈரலில் கட்டிகள் தோன்றுவதை ஜனார்தன ரெட்டி குழுவினர் 1980-இல் எடுத்துக்காட்டினர். பெராக்சைடுதான் அதற்குக் காரணமா என்பதில் அறிஞர்கள் ஒருமித்துப் பேசவில்லை. மனித ஈரலில் அவ்வாறு பைகள் பெருகுவதும் இல்லை. ஆதலால் அவ்வகை மருந்தை மருத்துவர் சொற்படி உண்பவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டுவதில்லை. எலியின் உடலில் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றிச் சொல்லும் செய்திகளை நாம் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன்.

நடையும் மாத்திரையும்

இனி ஆசிரியையின் கேள்விக்கு வருவோம். உட்கரு ஏற்பிகளை எழுப்பும் துணைவர்கள் என்று சொன்னேனல்லவா? அவர்களுள் பி.ஜி.சி.-1 ஆல்பா என்பவர் முதன்மையானவர். 1998-இல் பாஸ்டன் நகரில் புரூஸ் ஸ்பீகல்மன் குழுவினர் இதனைக் கண்டனர். குளிர் தாக்கும்போதும் தசை உழைக்கும்போதும் இது பெருகும். பெருகி, மைட்டோகாண்டிரியாக்களை அதிகமாக்கும். உலை அதிகமானால் சிந்தும் எலெக்ட்ரானும் அதிகமாகுமே! அதற்கும் வழி செய்திருக்கிறது. அதே குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உயிரணுக்களுக்குப் பெராக்சைடை ஊட்டினால் பி.ஜி.சி.-1 ஆல்பா கூடுகிறது. அது கூடும்போது சூப்பராக்சைடை அடக்கும் நொதி, கேட்டலேஸ் முதலியனவும் கூடுகின்றன. இத்துணைவர் இல்லாத எலிகளின் மூளை நரம்பணுக்கள், நச்சுப்பொருள் கொடுத்தபோது மற்ற எலிகளுடையவற்றைவிட மிகுதியாக அழிந்தன.

இங்கேதான் மாத்திரைக்குச் சோதனை வந்தது. ஜெர்மனியில் மைக்கேல் ரிஸ்டோவ் குழுவினர் 39 இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, 2009-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியினர் நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் ஈ-யும் உண்டனர். மறு பகுதியினர் உண்ணவில்லை. உண்ணாதவர்களின் தசையில் பி.பி.ஏ.ஆர். காமாவும் பி.ஜி.சி.-1 ஆல்பாவும் அவற்றோடு பிராணவாயு நெருக்கடியை அடக்கும் நொதிகளும் உயர்ந்தன. சர்க்கரையை ஆளும் இன்சுலினுக்கு அவர்கள் உடல் முன்னிலும் நன்றாகச் செவிசாய்த்தது. மாத்திரை உண்டவர்களிடமோ இவ்வுயர்வுகள் காணப்படவில்லை. பயிற்சியின்போது பிறக்கும் சிறிதளவு முரட்டுப் பொருளே உயிரணுவுக்குச் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியை வழியிலேயே துடைத்துவிட்டது என்பது ஆய்வாளர் கண்ட விளக்கம்.

பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதனை அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. நார்வேயில் 2014-இல் வெளியான ஆய்வில், இதே வைட்டமின்களை உண்டவர்களின் தசையில் மைட்டோகாண்டிரியா வளர்ச்சிக்குரிய புரதங்கள் சரிவர உயரவில்லை. ஆயினும் அவர்கள் ஓடும் திறனில் குறைவு தெரியவில்லை. எனவே மாத்திரை நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. துருவைத் துடைக்கும் என்ற வாக்குறுதி அவ்வளவு எளிதில் நிறைவேறுவதன்று என்பதே என் கருத்து.

புகைபிடிப்போர் விஷயத்தில் சான்று இன்னும் கடுமையானது. செம்பனைப் பழத்தின் செந்நிறத்துக்குக் காரணமான கரோட்டீன், உடலில் வைட்டமின் ஏ-யாக மாறுவது. முரட்டுப் பொருள்களை அடக்கவும் வல்லது. ஆகவே நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்து, ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் கொண்டு சோதித்தனர். 1994-இல் வெளிவந்த முடிவு, கரோட்டீன் மாத்திரை உண்டவர்களிடையே அந்நோய் 18 விழுக்காடு கூடியதாகக் காட்டிற்று. அமெரிக்காவில் 18,314 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு சோதனையில் அது 28 விழுக்காடு கூடியது; 1996 ஜனவரியில் குறித்த காலத்துக்கு முன்பே சோதனையை நிறுத்திவிட்டனர். இவை மாத்திரையாகப் பேரளவில் உண்டதைப் பற்றிய முடிவுகள். கீரையும் பழமும் உண்பதைப் பற்றியன அல்ல. வைட்டமின் ஏ குறைவால் கண்பார்வை கெடும் குழந்தைக்கு அதே வைட்டமின் உயிர்மருந்து என்பதையும் மறக்கலாகாது.

ஆசிரியையிடம் இவ்வளவையும் விரித்துச் சொல்ல எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. மருத்துவர் எழுதிக் கொடுத்த நீரிழிவு மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது; விற்பனையாளர் கொடுத்த புட்டியை மருத்துவரிடமே எடுத்துப்போய்க் காட்டிக் கேளுங்கள் என்றேன். அவ்வாறே கேட்டு, அடுத்த மாதப் புட்டியை வாங்கவில்லை. தாயார் இப்போது மாலையில் செம்பனை வரிசையோரம் தோட்டத்துச் சாலையில் நடக்கிறார். தனியே நடக்க அலுப்பாயிருக்கிறதென்று பேரனையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

மாணவிக்கு விடை சொல்வதுதான் கடினமாயிருந்தது. ஏற்பி, மரபணு என்றெல்லாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் பேசலாகுமா? "உன் உடம்பும் அந்தக் கிழங்கும் மூச்சு விடும்போதெல்லாம் அந்த மருந்தைத் தாமே கொஞ்சம் காய்ச்சிக்கொள்கின்றன. அதனால்தான் அதை அடக்கவும் ஆயத்தமாக இருக்கின்றன" என்று மட்டும் சொன்னேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் ஓடும்போது நிறையக் காய்ச்சுமா, ஐயா?" என்று கேட்டாள்.

இச்சோதனையைச் செய்து காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. மருந்துக் கடையில் கிடைக்கும் 3 விழுக்காட்டு நீர்மமே போதும். அதனினும் கடுமையானது தோலைப் புண்ணாக்கும். புட்டியை வெயிலில் வைக்கலாகாது. பழைய புட்டியில் ஆற்றல் குறைந்து நுரை எழாமல் போவதுண்டு. ஆகவே வகுப்புக்கு முன் ஒருமுறை தாமே செய்து பார்த்துக்கொள்வது நலம்.